நாலு மில்லி செகண்ட்

எழுபத்தோரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம். அதுவரை சோதனையில் ஒரு பிழைகூட இல்லை. எழுபத்திரண்டு முடிந்திருந்தால் பெங் வடிவமைத்த மின்சுற்று தப்பித்திருக்கும்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் பச்சையாக இருந்த எண் சிவப்பானது. அப்போது தளம் முழுக்க இருட்டு. பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு எல்லோரும் படுத்துவிடுவோம். ஒரு மணிக்கு விளக்கு எரியும். தைவானில், இந்த ஷின்ச்சு ஊரில், அந்த அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தால்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். வெளியே காற்று மட்டும் கண்ணாடியை அறைந்துகொண்டிருக்கும்.

விளக்கு எரிந்தபோது நான் என் மேசையில், தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். தூங்கவில்லை. அசைந்தால் தலையணை உறைக்குள் பிளாஸ்டிக் சரசரத்தது. அதனால் அசையாமல் இருந்தேன்.

“லாக் விட்டுடுச்சு!”

ஆய்வறைக்குள்ளிருந்து பெங்கின் குரல். நான் எழுந்து போனேன். சோதனைப் பொறியாளர் நான்தான். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

பெங் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். மெலிந்த மனிதர். முப்பத்தெட்டு வயதில் பாதித் தலை நரைத்திருந்தது. ஏழு வருடம் அவர் ஒரே ஒரு சுற்றைத்தான் செய்தார். கம்பியில் தரவு மட்டுமே வருகிறது. எந்தக் கணத்தில் அதை வாசிக்க வேண்டும் என்று சொல்லும் தாளம் அதோடு சேர்ந்து வருவதில்லை. ஒரு செகண்டில் ஐயாயிரத்து அறுநூறு கோடி முறை ஏறி இறங்கும் அந்தத் தரவிலிருந்தே, பெறுகிற சில்லு தன் தாளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிடித்த தாளத்தை விடாமல் இருக்க வேண்டும். பிடித்துக்கொள்வதற்குப் பெயர் லாக். பெங்கின் சுற்று எழுபத்தோரு மணி நேரமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு நாலு மில்லி செகண்ட் விட்டுவிட்டது. பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த நாலு மில்லி செகண்டில் பிழைகள் மட்டும் இருபது கோடிக்கு மேல்.

ஜோங் உள்ளே வந்தார். எங்கள் துறைத் தலைவர். தூக்கத்தில் கலைந்த முடியை ஈரக் கையால் படிய வைத்துக்கொண்டே வந்தவர், சிவப்பு எண்ணைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

“எத்தனை மணி நேரம் ஓடிச்சு?”

“எழுபத்தொண்ணு இருபத்தஞ்சு, சார்.”

“ஒன்றரைக்கு வர்ற கஸ்டமருங்க எத்தனை கேட்டாங்க?”

பெங் திரையின் பக்கம் திரும்பினார்.

“கேக்குறேன்ல. எத்தனை?”

“எழுபத்திரண்டு.”

ஜோங் பெங்கின் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். ஒரே முறை. பெங் முட்டி மடங்கிக் கீழே உட்கார்ந்தார். வாயிலிருந்து ரத்தம் வழிந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அவருடைய புகைப்படத்தின் மேல் சொட்டியது. ஜோங் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்து, ஒட்டியிருந்த முடிகளை உதறினார்.

“எழுந்திரு. கார்பெட் கறையாகும்.”

பெங் எழுந்தார். கீழுதடு கிழிந்து தொங்கியது. எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, திரையில் பதிவுக் கோட்டைப் பெரிதாக்கியது.

“சார், இதைப் பாருங்க. சுத்துல தப்பு இருந்தா இந்தக் கோடு மெதுவா நகரும். ஓரத்துக்குப் போகும். அப்புறம்தான் விடும். இது நகரவே இல்ல. எழுபத்தொரு மணி நேரம் நூல் பிடிச்ச மாதிரி போயிருக்கு. திடீர்னு குதிச்சிருக்கு. வெளியிலேருந்து ஏதோ பட்டிருக்கு.”

“வெளியிலேருந்து?” ஜோங் சிரித்தார். “பேய்ங்க ஊருக்குள்ள வர்ற மாசம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுடா. எந்தப் பேய் இன்னும் வீடு திரும்பாம உன் கேபிளை ஆட்டுது?”

“கேபிளா இருக்கலாம், சார். அதைத்தான் சொல்றேன்.”

சோதனை மேசையைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. ஓட்டம் நடக்கும்போது அதற்குள் யாரும் கை நீட்டக் கூடாது. கேபிளை ஒரு மயிரிழை வளைத்தாலும் போதும், தரவு குலைந்துவிடும். மேசைக்கு மேல் தட்டில் சமிக்ஞைக் கருவி இருந்தது. கருவியின் தலையில் பச்சைப் பொட்டலம். தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரி. அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்றுதான் அர்த்தம். வைத்தால் கருவி கோளாறு பண்ணாது என்ற நம்பிக்கையில், இந்த அறிவியல் பூங்காவின் கம்பெனிகளில் பொட்டலம் இல்லாத கருவி கிடையாது. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் கருவியின் விளக்கும் அந்த நிறத்துக்குப் போய்விடும். பிரிக்கக் கூடாது. தின்னக் கூடாது. முக்கியமாக, அதில் அச்சிட்டிருக்கும் தேதி தாண்டக் கூடாது.

ஜோங் நிமிர்ந்து அதைப் பார்த்தார். உயரமானவர். கையை நீட்டி எடுத்துவிட்டார். பெரிய கருவிகளுக்கு நடுவே அவர் அதைக் கவனமாக, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்.

“அடுத்த வருஷம் மே பதிமூணு,” என்று வாசித்தார். “தேதி சரியா இருக்கு. பை நல்லா உப்பி இருக்கு. சாமி பக்கத்துல ஒரு குறையும் இல்ல.” பொட்டலத்தை மறுபடி அதே இடத்தில் வைத்தார். “சின்ன சியூ வேலையைச் சரியாத்தான் பண்ணியிருக்கா. அப்ப மிச்சம் யாரு? நீதான்.”

அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

பொட்டலங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு முன்னால் லாய் என்று ஒருவர் பார்த்துக்கொண்டார். போன வருடம், தேதி தாண்டிப் பதினோரு நாளான ஒரு பொட்டலத்தை ஜோங் பார்த்துவிட்டார். லாயைச் சுவரோடு நிற்க வைத்து அறைந்தார். நான் எண்ணினேன், ஒன்பது அறை. ஏழாவதில் காதிலிருந்து ரத்தம் வந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது. படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக ஒரு அறிக்கை தயாரானது. சாட்சியாக ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்து அது இரண்டாவது வாரம். என் கையெழுத்து கடைசியில் இருக்கும், சிறியதாக.

“மதியம் இங்க யாரோ வந்திருக்காங்க,” என்றார் பெங். சுற்றிலும் பார்த்தார். “கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலி எங்க? நான் வரும்போது கதவு சாத்தியிருந்துது. அட்டை போட்டுத்தான் திறந்தேன்.”

ஓய்வு நேரத்தில் அலுவலகத்து ஏசியைக் குறைத்துவிடுவார்கள். ஆய்வறையின் குளிர் வெளியே வரட்டும் என்று கதவை நாற்காலியால் திறந்து வைப்போம். இப்போது அந்த நாற்காலி கருவித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

“நாற்காலியைத் தேடுறான் பாரு,” என்றார் ஜோங். “அது மேல உட்கார்ந்து அழப் போறியா?”

பெங் என் பக்கம் திரும்பினார். அவர் எப்போதும் என்னிடம் மெதுவாகத்தான் பேசுவார். நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் எனக்குப் பத்து வருடம் முன்னால் படித்தவர். அந்த உரிமையில் அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன்.

“சின்ன சியூ, உன் மேசை கதவுக்கு நேர இருக்கு. யாராவது உள்ள போனதைப் பார்த்தியாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் என்னை நம்பினார். அதை முகத்திலேயே பார்த்தேன். அவர் பார்வை என்னை விட்டுப் போய், வேறு காரணம் தேட ஆரம்பித்தது.

“போதும்,” என்றார் ஜோங். “நாளைக்குக் கடைசி வரைபடம் ஃபேக்டரிக்குப் போகுது. அப்புறம் ஒரு கோட்டைக்கூட மாத்த முடியாது. உன் சுத்தை வெட்டி எறிஞ்சுட்டு வெளியில வாங்கினதை வைக்கிறேன். ஒன்றரைக்கு அவங்க வந்ததும் நீயே உன் வாயால சொல்லு. என் டிசைன் தப்புன்னு.”

“அது தப்பில்ல, சார்.”

ஜோங் இந்த முறை நாற்காலியை எடுத்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்த அதே நாற்காலி. அதன் கால் பெங்கின் விலாவில் இறங்கியது. பெங் கத்தவில்லை, காற்று மட்டும் வாயிலிருந்து வெளியே வந்தது. இரண்டாவது அடிக்கு அவர் முழங்கையைக் குறுக்கே கொடுத்தார். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

“இப்ப?”

பெங் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பில்ல,” என்றார்.

அந்த நேரத்தில்தான் ஆஷுன் உள்ளே வந்தான். கையில் பால் டீ. அவன் பெங் போட்டுக் கொடுக்கும் சுற்றைச் சில்லின் மேல் உலோகக் கோடுகளாக வரைபவன். பெரிய உடம்பு. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். ரத்தத்தைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். பயந்தால் அவனுக்கு வாய் இன்னும் அதிகமாகிவிடும்.

“அண்ணே, மதியத் தூக்கம் கம்பெனியே குடுத்ததுதானே? எல்லாரும் தூங்கினோம். உங்க சில்லும் நாலு மில்லி செகண்ட் கண்ணசந்துடுச்சு. பாவம், விடுங்க.”

பெங் மெதுவாகத் திரும்பினார்.

“இந்த டெஸ்ட் சில்லை வரையும்போது மின்சாரக் கோட்டை நகர்த்தினியா?”

“எந்தக் கோடு?”

“என் சுத்துக்குப் பக்கத்துல போற கோடு.”

“ரெண்டு மைக்ரான். இடம் பத்தல.”

“என்கிட்ட கேட்டியா?”

“உங்ககிட்டயா? கேட்டா கடிக்கிறீங்க, கேக்கலன்னா குதறுறீங்க. உங்களுக்கு அறிகுறி பார்த்துப் பேச நான் என்ன வெட்டினரி டாக்டரா?”

பெங் அவன் மேல் பாய்ந்தார். நான் அப்படி ஒரு பெங்கைப் பார்த்ததில்லை. டீக் கோப்பை வெடித்தது. கறுப்பு ஜவ்வரிசி உருண்டைகள் தரையெல்லாம் ஓடின. ஆஷுன் அதில் வழுக்கி, பக்கத்து மேசையைப் பிடிக்கப் போய், அதிலிருந்த மீட்டரையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். பெங் அவன் வயிற்றில் உதைத்தார். ஷூ முனையால், ஒரே இடத்தில், மூன்று முறை.

ஜோங் தடுக்கவில்லை. போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

“சீக்கிரம் முடிங்க. இருபது நிமிஷம் இருக்கு. தரையைத் துடைக்கவும் நேரம் வேணும்.”

ஆஷுன் கையில் ஒரு ஸ்பானர் சிக்கியது. கேபிள் முனைகளை முறுக்குகிற சின்ன ஸ்பானர், ஆனால் எஃகு. அதைப் பெங்கின் நெற்றியில் வீசி அடித்தான். புருவம் பிளந்தது. பெங்கின் ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. ஆஷுன் மறுபடி அடித்தான். அது கன்னத்தில் பட்டது. அவன் அழுதுகொண்டே அடித்தான்.

“என்னை விடுங்க அண்ணே! நீங்க அடி வாங்கினா என்னை ஏன் அடிக்கிறீங்க!”

பெங் பின்னால் தடுமாறிப் போய் அடுத்த மேசையில் மோதினார். அந்த மேசையில் சால்டரிங் இரும்பு எப்போதும் சூடாகவே இருக்கும். முன்னூற்றைம்பது டிகிரி. அவர் அதைப் பார்க்காமலேயே எடுத்தார். ஏழு வருடம் அதே இடத்திலிருந்து எடுத்த கை.

முதலில் ஆஷுனின் முன்கையில் வைத்தார். ஸ்பானர் கீழே விழுந்தது. ஆஷுன் கத்திய சத்தத்தில் கருவியின் காற்றாடிச் சத்தம் கேட்காமல் போனது. கருகிய தோல் வாடை வந்தது. பெங் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, அடிபடாத கையால் அவன் தலையைத் தரையோடு அழுத்தினார். அடிபட்ட கையில் இரும்பு. இரும்பின் முனை ஆஷுனின் இடது கண்ணுக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“சொல்லு. உன் கோடுதான்னு சொல்லு.”

“அண்ணே, ரெண்டு மைக்ரான், அண்ணே...”

முனை இறங்கியது. இமைமுடி சுருண்டு பொசுங்கியது.

“ஆமா! நான்தான்! நான் நகர்த்தினதாலதான் லாக் விட்டுச்சு! தெரிஞ்சேதான் நகர்த்தினேன்! கண்ணு, அண்ணே, கண்ணு!”

அவன் சொன்னது பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். தன் வாயால் தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டு ஒரு பெரிய ஆள் தரையில் கிடந்து சிறுநீர் விட்டான். நான் அச்சு இயந்திரத்தோடு ஒட்டி நின்றிருந்தேன்.

“கேட்டீங்களா, சார்?” பெங் தலையைத் திருப்பாமல் கேட்டார். “என் சுத்து இல்ல. கேட்டீங்களா?”

“கேட்டேன்,” என்றார் ஜோங். “ரொம்ப நல்லது. அவன் வரைஞ்சது தப்பு, நீ அதைப் பார்க்காம விட்டது தப்பு. ரெண்டு பேரும் இன்னைக்கே வெளிய. சுத்தும் வெளிய. சின்ன சியூ, பேப்பர் எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் படிக்கட்டுல வழுக்கி விழுந்தாங்கன்னு எழுது. போன தடவை எழுதின மாதிரியே.”

கதவிலிருந்து நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

என் மேசைக்குப் பன்னிரண்டு அடி. தளத்தில் மற்றவர்கள் எல்லோரும் தங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தட்டச்சு செய்யவில்லை. ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். மேசையில் வெள்ளைத் தாள் இருந்தது. பேனா இருந்தது. தலையணை இருந்தது.

நான் தலையணை உறைக்குள் கையை விட்டேன்.

திரும்பி வந்தபோது ஜோங் மறுபடி கதவைச் சாத்தினார். பெங் இன்னும் ஆஷுனின் மார்பின் மேல்தான் இருந்தார். அவர் முகத்தில் இப்போது கோபம்கூட இல்லை.

“ஏழு வருஷம்,” என்று ஆஷுனிடம் சாதாரணமாகச் சொன்னார். “என் மகள் பிறக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது. ரெண்டு மைக்ரான்ல முடிச்சிட்டே.”

இரும்பு இறங்கத் தொடங்கியது. கை நடுங்குவது நின்றிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சார்,” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் எப்போதும் அப்படித்தான். கூட்டங்களில் நான் பேசுவதை இரண்டாவது முறை சொல்லச் சொல்வார்கள், சொல்ல மாட்டேன்.

“பெங் அண்ணா.”

ஆஷுன் அலறிக்கொண்டிருந்தான்.

கையிலிருந்ததை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து என் முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். அது துப்பாக்கி மாதிரி வெடித்தது. சோளப்பொரி என் முகத்திலும் ஜோங்கின் சட்டையிலும் தரையிலிருந்த ரத்தத்திலும் சிதறியது. ரத்தம், சிறுநீர், கருகிய தோல் எல்லாவற்றுக்கும் மேல் தேங்காய் வாசனை வந்தது.

மூன்று பேரும் திரும்பினார்கள். பெங்கின் கை நின்றது.

ஜோங் என் கையில் கிழிந்து தொங்கிய பச்சைப் பையைப் பார்த்தார். தட்டின் மேல் உப்பிக்கொண்டிருந்த இன்னொரு பச்சைப் பையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கதவை விட்டு என்னை நோக்கி ஒரு அடி வைத்தார். அவர் வலது கை மெதுவாக விரிந்தது.

நான் பின்வாங்கவில்லை. பின்னால் அச்சு இயந்திரம் இருந்தது.

“இது பழசு, சார். தேதி நேத்தோட முடிஞ்சிருந்துது. மதியம்தான் பார்த்தேன். நீங்க பார்த்தா லாயை அடிச்ச மாதிரி என்னையும் அடிப்பீங்கன்னு பயந்து, எல்லாரும் தூங்கினதும் அந்த நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு ஏறிப் புதுசை வெச்சேன். இறங்கும்போது என் முழங்கை கேபிள்ல இடிச்சுது. பன்னெண்டு ஐம்பத்திரண்டு. ஆஷுன் ஒண்ணும் பண்ணல. பெங் அண்ணாவோட சுத்துல ஒரு தப்பும் இல்ல. லாக் விட்டதுக்கு நான்தான் காரணம்.”